கோவிலுக்குள் உறங்கிய வள்ளங்கள்

“அப்போ நம்பர்ல தப்பே இல்லேங்கே?”

“ஒரு துளி தப்பில்ல மைனி.”

“பின்னே எப்படிட்டி எங்க வீட்டு வள்ளம் மாதா பீடத்து மேல ஏறி நிக்கும்? அதுவும் தெனமும் ராத்திரி?”

செல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புளோரா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஞாயிறு பூசை முடிந்து நேராக வந்திருந்தாள்; தலையில் போட்ட முக்காடுகூட இன்னும் இறங்கவில்லை.

திரையில் அவர்களுடைய ஊர் தெரிந்தது. சவேரியார்துறை. கடலுக்குள் நாக்கு நீட்டியதுபோல ஒரு மணல்மேடு. அதன் நுனியில் கோவில். நாக்கின் அடியில், வடமேற்காக ஒதுங்கிய உள்வாயில், படகுத்துறை. துறையிலிருந்து கோவிலுக்கு நடந்தால் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிக்கலாம், அவ்வளவு தூரம். ஊர் வள்ளங்களின் தடங்கள் மெல்லிய நிறக்கோடுகளாக அந்த வரைபடத்தின் மேல் பரவியிருந்தன. கடலெல்லாம் சுற்றிவிட்டு வந்த ஒரு கோடுகூட இரவு தங்கத் துறைக்குத் திரும்பியிருக்கவில்லை. எல்லாம் கோவிலுக்குள் போயிருந்தன.

“மைனி, ‘மாமா வந்திருக்காவ’ன்னு வாசல்ல நின்னு ஒருத்தன் சொல்லுதான். யாரு வந்திருக்காவன்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

“யாருக்கு மாமான்னு தெரியாம எப்படிச் சொல்ல?”

“நம்பரும் அப்படித்தான். எட்டு டிகிரி, எழுவத்தெட்டு டிகிரின்னு வெறுமன சொன்னா போதாது. எங்கேருந்து எண்ணுன எட்டு, பூமியை எந்த மாதிரி உருண்டைன்னு நெனச்சு எண்ணுன எட்டு, அதையும் சொல்லணும். உலகத்துல அதுக்கு ஆயிரக்கணக்குல முறை இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒரு எண். நம்ம ஊர்த் தடத்துல நம்பர் இருக்கு. எந்த முறைங்கிற பேரு இல்ல.”

“பேரு இல்லாட்டி?”

“இப்போ எல்லாரும் பொழங்குத முறை ஒண்ணு இருக்குல்லா? அதுதான்னு கம்ப்யூட்டர் தானா முடிவு பண்ணிக்கிடும். யாரையும் கேக்காது.”

புளோரா மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஊர் மீனவர் சங்கத்தின் செயலாளர் அவள். அந்தத் தடங்களையெல்லாம் சங்கத்துக் கணினியிலிருந்து எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

“அப்போ நெவிலு…”

“நெவிலும் பொய் சொல்லல. வள்ளத்துத் தடப்பெட்டியும் பொய் சொல்லல மைனி.”

இரண்டு வருடங்களாகத் தன் தம்பி நெவில் பொய் சொல்கிறான் என்று செல்மா நம்பியிருந்தாள்.

*

பவளம் வெளுத்துச் செத்துப்போன ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் கடலை மறுபடி விதைத்தார்கள். தொட்டிகளில் வளர்த்த பவளக் குருத்துகளைக் கடலடியில் நட்டு, கரைக்கு இணையாக ஒரு நீண்ட பட்டையை நாற்றங்கால் என்று அறிவித்தார்கள். அதற்குள் வலை விழக் கூடாது. கரைப்பக்க ஓரத்தில் ஆரஞ்சு மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஆழ்கடல் பக்கத்து ஓரத்தில் மிதவை நிற்காது. அங்கே வேலி வெறும் எண்களால் ஆனது. எல்லா வள்ளத்திலும் ஒரு தடப்பெட்டி. போகும் இடத்தையெல்லாம் அது எண்களாகக் கரைக்கு அனுப்பும்.

அவற்றைப் படித்துத் தீர்ப்புச் சொல்வது மனிதர் இல்லை. ‘கடல் நடுவர்’ என்ற நிரல். அது லஞ்சம் வாங்காது, சாதி கேட்காது, குடித்துவிட்டு வேலைக்கு வராது. ஆகவே ஆரம்பத்தில் எல்லோரும் அதை வரவேற்றார்கள், மீனவர்கள் உட்பட. நாற்றங்காலும் தழைத்தது. செத்த கடலில் மீன் திரும்பியதை ஊரே பார்த்தது. அதனால் வேலியை யாரும் வெறுக்கவில்லை. அதைத் தாண்டுபவனைத்தான் வெறுத்தார்கள்.

தாண்டியவனுக்குச் சிறை கிடையாது. கடல்விலக்கு. ஏழு வருடத்துக்கு அவன் கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. கணுக்காலில் ஒரு வளையம் பூட்டி அனுப்பிவிடுவார்கள். கருணையான தண்டனை என்று செய்தித்தாள்கள் எழுதின. அலைச்சத்தம் கேட்டுத் தூங்கிப் பழகாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

“மிதவைக்கு இந்தப் பக்கம்தான்க்கா வலை விட்டேன். மிதவைய ஒரு கையால புடிச்சுக்கிட்டு நின்னேன். எட்டிப் புடிக்குத தூரம்.” வேலி தாண்டினான் என்று நடுவர் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு நெவில் இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். செல்மா துறைமுகத்தில் கடலடியைத் தூர்வாரும் நிறுவனத்தில் வரைபடப் பிரிவில் வேலை செய்பவள். எண்களோடு புழங்குகிறவள். நடுவர் காட்டிய படத்தில் தம்பியின் வள்ளம் வேலிக்கு உள்ளே தெளிவாக நின்றது. அவள் எண்களை நம்பினாள். அவனிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்திருந்தது.

புளோராவின் கணவன் டென்சில் வாய்விட்டே சொன்னான். “கண்ணை நம்பலாமாலே? தண்ணியில கண்ணு கொள்ளைப் பொய் சொல்லும். என்னையப் பாரு. பெட்டி நம்பரைப் பாக்காம வலைக் கயத்துல கைவைக்க மாட்டேன்.” டென்சில் நாற்றங்காலுக்கு அப்பால், ஆழக் கடலில் தொழில் செய்பவன். நெவிலை முதன்முதலில் கடலுக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். திட்டியதும் அவன், வளையம் பூட்டிய அன்றைக்குத் துணைக்குப் போனதும் அவன். அன்றிலிருந்து, வலை இழுத்துக் கரை சேர்ந்ததும் மீனைப் பங்கு வைக்கும்போது, நெவில் பெயரில் ஒரு கூறு தனியாக விழும். வள்ளத்தில் ஏறாதவனுக்குப் பங்கு வைக்கும் வழக்கம் அந்தத் துறையில் இல்லை. டென்சிலிடம் யாரும் கேட்கவில்லை. நெவிலின் மனைவி சகாயத்தின் வீட்டு வாசலில் தினமும் ஒரு கூடை இருக்கும், அவ்வளவுதான்.

உண்மை வெளிப்பட்டது ஒரு திருவிழாவால். மாதா திருவிழாவுக்குப் பந்தல் முகப்பில் கட்டச் சங்கத்தார் ஒரு பெரிய பேனர் கேட்டார்கள். செல்மா ஊர் வள்ளங்களின் ஒரு வருடத் தடத்தையும் ஒரே படமாக வரைந்து கொடுத்தாள். நீலப் பின்னணியில், வள்ளத்துக்கு ஒரு நிறமாக ஆயிரம் இழைகள், ஒரு பூ விரிந்ததுபோல. பூவின் காம்பு கோவிலில் இருந்தது. கொடியேற்றத்தன்று பங்குச்சாமி அதைக் காட்டி மறையுரை ஆற்றினார்: “பாருங்கள், நம்முடைய எல்லாப் பயணமும் ஆலயத்தில் தொடங்கி ஆலயத்தில் முடிகிறது!” பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வள்ளம் துறையிலிருந்துதானே புறப்படுகிறது என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை அழகாக இருந்தது அந்தப் பிழை. பேனரை இறக்கி மடிக்கிற அன்றைக்குத்தான் செல்மாவின் விரல் அந்தக் காம்பின் மேல் நின்றது.

*

பெயர் இல்லாத எண்ணுக்கு முறை கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. கோப்பிலேயே எழுதியிருக்கிறதா என்று பார்க்கலாம், எழுதியிருக்கவில்லை. செய்தவனைக் கேட்கலாம், தடப்பெட்டி செய்த நிறுவனம் மூடிப்போய் வெகுநாளாயிற்று. மூன்றாவது வழி பொறுமையுள்ளவர்களுக்கு: ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பார்த்து, எது நிலத்தோடு பொருந்துகிறது என்று காண்பது.

செல்மா வேலை முடிந்து வந்த பொழுதெல்லாம் அதில் உட்கார்ந்தாள். ஒரு முறையைத் தேர்ந்தால் வள்ளங்கள் உப்பளத்தில் போய் நின்றன. இன்னொன்றில் ஊர் வள்ளம் முழுவதும் பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில். ஒன்றில் அவை நடுக்கடலில் உறங்கின. சில சமயம் அவளுக்கு அதில் ஒரு கனவுத்தன்மை தெரிந்தது: ஒரே ஊர், ஒரே எண்கள், ஆனால் எண்ணத் தொடங்கும் இடம் மாறினால் அத்தனை வாழ்க்கையும் தூக்கி வேறெங்கோ வைக்கப்படுகிறது. அந்த வேறெங்கோவில் நெவில் இன்னும் வலை பின்னிக்கொண்டிருப்பான்.

பெட்டிகளை வள்ளங்களில் மாட்டியவர் வால்டர் மாமா, இஞ்சின் மெக்கானிக். சங்கத்துக் கொட்டகையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

“பெட்டிக்குள்ள நீங்க எதையாவது மாத்துனீங்களா மாமா?”

“மாத்தாம?” அவர் காயிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “வந்தப்போ அது காட்டுன நம்பர் அதோட ஒட்டல.” கட்டைவிரலால் பின்னால் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பழைய கடல் வரைபடம் ஆணியடித்து மாட்டியிருந்தது. வெள்ளைக்காரன் காலத்து அளவு. ஓரமெல்லாம் கரையான். கடலடிப் பாறைத் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் பெயர் எழுதியிருந்தது. மூக்கன் பார், இரட்டைப் பார், மாமியார் பார். ஊரில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பார் உண்டு. அதன் எண்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காதில் சொல்லப்படும்.

“அந்தப் படத்து நம்பர வச்சுத்தான நம்ம பார் எல்லாம் இருக்கு. புதுப் பெட்டிய நம்பிப் போனவனுவ வெறும் மணல்ல வலை எறக்கிட்டு வந்து என்னைய அடிக்க வந்துட்டானுவ. நானும் மெனுவத் தட்டித் தட்டிப் பாத்தேன். ஒண்ணுல அப்படியே ஒட்டிக்கிடுச்சு. எல்லாப் பெட்டியிலயும் அதையே வச்சு விட்டுட்டேன்.”

“எல்லாத்துலயுமா? அது பேரு என்ன மாமா?”

“யாருக்குத் தெரியும்? ஏதோ ஒரு மலை பேரு.” சிவப்புக் காய் குழியில் விழுந்தது. “ஏன், தப்பா?”

“எவரெஸ்டா?”

“ஆங், அதேதான். கடலுக்கு எதுக்குலே மலைன்னு அப்பவே நெனச்சேன்.”

செல்மா குனிந்து அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள். பின்னால் கொட்டகையே சிரித்தது. அந்த மலையின் பெயரில் நாலைந்து முறைகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் இந்தக் கடற்கரையின் பழைய வரைபடத்துக்கு உரியது. அவள் தேட வேண்டியது இனி ஒரு கைப்பிடிதான்.

*

சேதியை நேரில் சொல்ல அவள் நெவிலிடம் போனாள். கரிசல் காட்டு நடுவில் ஒரு பஞ்சாலை ஊர். அவன் இளைத்திருந்தான். வெயிலில் கறுத்த கடல்கறுப்பு போய், வெளிறிப்போன ஒரு நிறம். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“வா, உனக்கு என் கடற்கரையக் காட்டுதேன்” என்று கூட்டிப்போனான்.

ஊரைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவே, ஒரு வேப்பமரம். மரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கணுக்காலில் வளையம் பூனைக்குட்டி மாதிரி முனக ஆரம்பித்தது. மரத்தைத் தாண்டினால் அலறும், அலறினால் சிறை. நெவில் மரத்தில் முதுகைச் சாய்த்துக் கிழக்கே பார்த்து நின்றான்.

“ஞாயித்துக்கெழமை இங்க வந்து நிப்பேன். கொண்டல் காத்து அடிச்சா சில நேரம் உப்பு வாசம் வரும். போன்ல சொன்னா சகாயம் நம்ப மாட்டேங்கா. நாப்பது கிலோமீட்டர்ல எங்கேருந்து வாசம் வரும், ஒனக்குக் கிறுக்குங்கா.”

“எனக்கு இப்பவே அடிக்கிற மாதிரிதான் இருக்கு.”

“நீ பொய் சொல்லுத. ஆனா நல்லாருக்கு.”

அவள் கோவிலுக்குள் உறங்கிய வள்ளங்களைப் பற்றிச் சொன்னாள். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். வளையம் முனகிக்கொண்டே இருந்தது.

“நீ என்னைய நம்பல இல்லக்கா?” கைகளுக்குள்ளிருந்து கேட்டான்.

“நம்பல.”

“இப்போ?”

“இப்போ ஒன்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்லே.”

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “டென்சில் அண்ணன்கிட்ட சொல்லு. கண்ணு பொய் சொல்லாதுன்னு நெவில் சொன்னான்னு சொல்லு. அந்தாளு மூஞ்சியப் பாக்கணும் எனக்கு.”

*

கடல் நடுவரைப் பார்த்துக்கொள்ளும் கண்காணிப்பு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவர் தணிகாசலம் என்ற வடக்கத்தி மாவட்டத்துக்காரர். செல்மா படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் அவசரப்படுத்தாமல் பார்த்தார். வள்ளங்கள் கோவிலுக்குள் நிற்கிற படத்தில் அவருக்கும் சிரிப்பில் உதடு துடித்தது.

“நான் நம்பறேன்மா. ஆனா நான் நம்பி ஒண்ணும் ஆகப்போறதில்ல. நடுவர் நம்பணும்.”

“அதுக்கு என்ன செய்யணும் சார்?”

“முறையோட பேரை முறைப்படி அறிவிக்கணும். இந்தத் துறையோட தடப்பெட்டிங்க எல்லாம் இன்ன முறையில எண்ணுதுன்னு. நீங்க தொழில்நுட்ப சாட்சி. சங்கத்துச் செயலாளர் ரேகை வைக்கணும். ரெண்டும் சேர்ந்தா போதும், அது ஏத்துக்கும்.”

“தம்பி வள்ளத்துக்கு மட்டும் இப்போ கொடுத்தா சீக்கிரம் முடியுமா?”

“முடியாது. ஒரு துறைக்கு ஒரு முறைதான்.” அவர் மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையை லேசாக நகர்த்தினார். “ஆளுக்கு ஒரு முறைன்னு விட்டா, மாட்டிக்கிட்டவன் ஒவ்வொருத்தனும் தனக்குத் தோதான முறையைச் சொல்லுவான். நகர்த்தினா எல்லாரையும் சேர்த்துத்தான் நகர்த்தணும். பழைய தடத்தையெல்லாம் முதல்லேருந்து திரும்பப் படிக்கும். அனுப்பிட்டா திரும்ப வாங்க முடியாது, யோசிச்சுக்கோங்க.”

“யோசிக்க என்ன இருக்கு சார்? எல்லா வள்ளமும் அவங்கவங்க எடத்துக்கு வந்து சேரட்டும்.”

“யாருக்காவது அதுல தெரியாம நடந்த தப்பு ஏதாவது இருந்தா…” அவர் தயங்கினார். “அது மனசைப் படிக்காதும்மா. தடத்தைத்தான் படிக்கும். அதுக்குச் சொல்றேன்.”

செல்மா நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. வேப்பமரத்தைத் தாண்டி, வளையம் இல்லாத காலோடு, நெவில் கிழக்கே நடந்து வருவதை அவள் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

*

அடுத்த ஞாயிறு. புளோரா இந்த முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள். “ரேகை எங்கன வைக்கணும்? காலையிலேயே கையை நல்லாக் கழுவிட்டேன். மீன் நாத்தம் அடிச்சா நடுவரு கோவிச்சுக்கிடப் போறாவ.”

“முதல்ல பாருங்க மைனி. பாத்துட்டு வைங்க.”

இதுவரை துறையில் நிற்கும் வள்ளங்களுக்கும் தம்பியின் தடத்துக்கும் மட்டும் போட்டுப் பார்த்திருந்த அந்த மலையின் பெயரை, இப்போது எல்லா வள்ளத்துக்கும் சேர்த்துத் தேர்ந்து செல்மா விசையைத் தட்டினாள்.

படம் ஒரு கணம் வெறுமையானது. பிறகு ஆயிரம் இழைகளும் ஒன்றாக, யாரோ மேசைவிரிப்பைப் பிடித்து மெல்ல இழுத்ததுபோல, வடமேற்கே நகர்ந்தன. பூவின் காம்பு கோவிலை விட்டு இறங்கி, மணல்மேட்டைக் கடந்து, துறையின் உள்வாயில் வந்து அமர்ந்தது. செல்மா படத்தைப் பெரிதாக்கினாள். கோடுகள் பிரிந்தன. ஒவ்வொரு வள்ளமும் அதனதன் கட்டுத்தறியில் நின்றது.

“ஏட்டி! அது ரெமிஜியுசு வள்ளம். அது வால்டர் மாமா மருமவன். அந்தா பாரு, சண்டை போட்டுத் தள்ளிக் கட்டியிருக்கானுவல்லா, அந்த ரெண்டும்கூடத் தள்ளியே நிக்கி!” புளோரா திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். “நெவிலு எங்க? அந்த நாளைக் காட்டு.”

செல்மா படத்தைக் கடல்பக்கம் நகர்த்தினாள். ஆரஞ்சு மிதவைகளின் வரிசை. உள்ளே, இளஞ்சிவப்பாக, நாற்றங்கால். இரண்டு வருடங்களாக அதற்குள் கிடந்த சிவப்பு இழை இப்போது மிதவையை ஒட்டி வெளியே கிடந்தது. எட்டிப் பிடிக்கும் தூரம்.

புளோரா அவளைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் முத்தமிட்டாள். இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் துடைத்தார்கள். “சகாயத்துக்கு இப்பவே போன் போடு. இல்ல, வேண்டாம், ரேகை வச்சிட்டுப் போடுவோம். எங்க வீட்டுக்காரரு கேட்டா குதிப்பாரு பாரு. ரெண்டு வருசமா ‘நெவிலு கூறு, நெவிலு கூறு’ன்னு…”

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

புளோராவின் கண்கள் திரையின் மறுபக்கத்தில் இருந்தன. நாற்றங்காலின் ஆழ்கடல் ஓரத்தில். மிதவைகள் இல்லாத ஓரம். அங்கே ஒரு பச்சை இழை. எப்போதும் வேலிக்கு வெளியே, எண்ணைப் பார்த்துப் பார்த்து, ஒரு முழம்கூட மீறாமல் ஒழுங்காக ஓடிய இழை. மேசைவிரிப்போடு அதுவும் நகர்ந்திருந்தது. இளஞ்சிவப்புக்கு உள்ளே, நீளமாக, மடிந்து மடிந்து கிடந்தது. அந்த ஒரு நாள் மட்டுமில்லை. செல்மா நாளை மாற்றினாள். மறுபடி மாற்றினாள். எல்லா நாளும்.

வள்ளத்தின் பெயரை அவள் தட்டிப் பார்க்கவில்லை. பச்சை யாருக்கு என்று திருவிழாப் பேனருக்கு நிறம் கொடுத்தவளே அவள்தான்.

“அவரு நம்பரைப் பாத்துதான செல்மா எறக்குவாரு,” புளோரா மெதுவாகச் சொன்னாள். “பாக்காம கயத்துல கை வைக்க மாட்டாரே.”

“ஆமா மைனி.”

“பெட்டி ஒரு முறையில காட்டிருக்கு. வேலிய வேற முறையில போட்டிருக்கான்.”

“ஆமா.”

“அதச் சொன்னா கேக்குமா அது?”

செல்மாவுக்குத் தணிகாசலம் குவளையை நகர்த்திய விரல்கள் நினைவுக்கு வந்தன. அன்று அவர் எதற்காகத் தயங்கினார் என்பது இப்போதுதான் புரிந்தது.

திரையின் கீழ் மூலையில் ரேகை வைக்கும் வட்டம் மெல்ல ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கியது. புளோரா தன் கட்டைவிரலைப் பார்த்தாள். கழுவிக் கழுவி அதன் நுனி சுருங்கியிருந்தது. அவள் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளவில்லை. வட்டத்தின் மேல் வைக்கவுமில்லை. மடியில் அப்படியே வைத்திருந்தாள், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

செல்மாவுக்கு வேப்பமரம் தெரிந்தது. மரத்தில் சாய்ந்து கிழக்கே பார்த்து நிற்கிறவன் முகம் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு நேரம் நெவில் மாதிரி இருந்தது. ஒரு நேரம் இல்லை.

கீழே வாசலில் கூடை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு படியில் கனத்த காலடி.

“என்ன, ரெண்டு பேரும் பேச்சு மூச்சில்லாம இருக்கீய? வேலை முடிஞ்சுதா?” டென்சில் கதவருகே நின்றான். சட்டையெல்லாம் உப்பு வெள்ளை. முகம் நிறைய வெயில். “சகாயம் வீட்டுல இன்னைக்கு நல்ல சீலா மீனாப் போட்டுட்டு வந்தேன். ‘பய வந்து சேரப்போறான், ரெண்டு துண்டு எடுத்துக் கருவாடு போடுளா’ன்னு சொன்னேன். அந்தப் பிள்ளை அழுது தள்ளிட்டு.” புளோராவின் கண்களைப் பார்த்தான். “இங்கயும் அழுகைதானா? நல்ல சேதிதான தங்கச்சி?”

“நெவில் வெளியிலதான் நின்னிருக்கான் அண்ணே,” என்றாள் செல்மா. “மிதவையப் புடிச்ச மாதிரியே.”

“அப்படிப் போடு!” அவன் தொடையில் தட்டினான். “நான்தான் அந்தப் பயலப் போட்டுத் திட்டித் தீத்தேன். கண்ணு பொய் சொல்லும்னு. வரட்டும். அவன் கால்ல விழுந்தாலும் விழுவேன்.” கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். இருவருக்கும் நடுவில் குனிந்து, உப்பும் வியர்வையும் வீச, திரையை ஆவலாகப் பார்த்தான். அவனுக்கு நிறங்களைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை.

“இதுல நான் எங்கன நின்னேன்? அப்படியே எங்க வள்ளத்தையும் ஒருவாட்டி காட்டு தங்கச்சி.”